முப்பது வட்டங்கள்: நிலவைப் பார்த்து வரையப் பழகுவது எப்படி

முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் எத்தனை நிலாவுக்கு மதிப்பெண் போட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இரண்டு மலை, நடுவில் ஆறு, ஓரத்தில் தென்னை, ஆற்றில் ஓடம், மேலே பிறை. பிறையின் வளைவுக்குள் கச்சிதமாக ஒரு நட்சத்திரம். பத்துக்கு எட்டு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்பேன். ஒருமுறை ஓர் ஓவியப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்து, ‘நள்ளிரவில் கடல்’ என்று தலைப்பிட்ட படத்துக்கு முதல் பரிசே கொடுத்தேன். படத்தின் உச்சியில் மூன்றாம் பிறை. மூன்றாம் பிறை பொழுது சாய்ந்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் மறைந்துவிடும். நள்ளிரவில் அது வானத்திலேயே இருக்காது. அன்றைக்கு இது எனக்கு உறைக்கவே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு, மன்னார்குடி வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து முதல் முறையாக நிலவைப் பார்த்து வரைந்தேன். அதற்கு முன் வரைந்ததெல்லாம் நினைவிலிருந்து வரைந்தவை. அதாவது வேறு யாரோ வரைந்த படங்களிலிருந்து. ஒரு பிறை தொடங்கி மறுபிறை வரை முப்பது வட்டம் போட்டு நிரப்பினேன். அதைச் செய்யும் முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தனக்கு ஓவியமே வராது என்கிறவருக்கும் இது வரும். வட்டத்தை ஒரு மூடி போட்டுக் கொடுத்துவிடும். மீதி, கண்ணின் வேலை.

வேண்டிய பொருள்கள்

கோடு போடாத நோட்டு ஒன்று. தாள் கெட்டியாக இருக்கட்டும். தை மாதப் பனியில் மெல்லிய தாள் நமுத்துப்போய்ப் பென்சில் முனை கிழித்துவிடும். என் முதல் வாரப் படங்களில் இரண்டு அப்படிப் போயின. அடியில் வைத்துக்கொள்ளப் பரீட்சை அட்டை. எச்.பி. பென்சில் ஒன்று, 4பி ஒன்று. ரப்பரைப் பிளேடால் ஆப்பு போலச் சாய்வாக வெட்டிக்கொள்ளுங்கள். அதன் கூர்முனையால் கருப்பின் மேல் இழுத்தால் வெள்ளைக் கோடு கிடைக்கும், பின்னால் பயன்படும். நிழலைத் தேய்த்துப் பரப்பப் பஞ்சு சுற்றிய காதுக் குச்சி போதும்.

வட்டத்துக்கு நான் பயன்படுத்துவது ஊறுகாய் பாட்டில் மூடி, விட்டம் 6 சென்டிமீட்டர். அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒரே இரவில் நிரப்ப முடியாது. சிறிதாக இருந்தால் நிலவின் கருந்திட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறையாகிவிடும். முப்பது வட்டங்களையும் பகலிலேயே போட்டுவிடுங்கள். ஒவ்வோர் இரவுக்கும் எதிரெதிரே இரண்டு பக்கம். இடப்பக்கம் இந்த மாதத்துக்கு. வலப்பக்கம், அதே பிறையை இன்னொரு மாதத்தில் மறுபடி வரைவதற்கு. என் நோட்டில் இடப்பக்கத்தின் தலையில் ‘அற்றை’ என்றும் வலப்பக்கத்தில் ‘இற்றை’ என்றும் எழுதியிருக்கிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

டார்ச் வேண்டும், அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். மங்கலான சிவப்பு அந்த அளவுக்குக் கெடுக்காது. டார்ச் பிடிக்க ஓர் ஆள் கிடைத்தால் அதிர்ஷ்டம். எனக்கு என் மனைவி பிடித்தாள். “இந்த வயதில் நிலாச்சோறா?” என்று முதல் நாள் கேட்டவள், மூன்றாம் நாள் எனக்கு முன்னால் மாடியில் பாய் விரித்திருந்தாள்.

பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. வாங்குவதானால் 7×50 அல்லது 10×50 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். முப்பது மடங்கு, ஐம்பது மடங்கு என்று ஆசை காட்டுகிற கைக்கருவிகளை நம்ப வேண்டாம். அப்படி ஒன்றை ஒரு கடையில் வாங்கி, அதில் நிலா வாணலியில் போட்ட அப்பளம் போலத் துள்ளுவதைப் பார்த்துவிட்டுப் பேத்தியிடம் விளையாடக் கொடுத்துவிட்டேன். பத்து மடங்குக்கே கை நடுங்கும். ஒட்டடைக் கம்பை நட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் உச்சியைக் கருவியோடு சேர்த்துப் பிடித்தால் நடுக்கம் பாதியாகும்.

எப்போது தொடங்குவது

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை நோட்டைக் காலியாக விட்டுவிடும். தை, மாசி, பங்குனி உத்தமம். தினசரிக் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்து, அதிலிருந்து இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் மாலை தொடங்குங்கள்.

காலண்டரைக் கிழிக்கும்போது திதியையும் கவனியுங்கள். நல்ல நேரம் பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. திதி என்பது சுத்தமான கோணக் கணக்கு. சூரியனை விட்டு நிலவு 12 பாகை விலகினால் ஒரு திதி. முப்பது திதி சேர்ந்தால் 360 பாகை, ஒரு முழுச் சுற்று. அதற்குச் சராசரியாக 29.53 நாள் ஆகிறது. நிலவு எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைவாகவும் தள்ளிப் போகும்போது மெதுவாகவும் நகர்கிறது. அதனால் ஒரு திதி 20 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரத்துக்கு மேலும் நீளும். அட்டமித் திதியின் நடுவில் நிலவு சரியாகப் பாதி. அட்டமியில் நல்ல காரியம் தொடங்காதே என்பார்கள். நிலவை வரைகிறவனுக்கு அதைவிட நல்ல நாள் இல்லை.

முதல் மாலை

சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து மேற்கே பாருங்கள். முதலில் நிலவை வரையாதீர்கள். அடிவானத்தில் இருக்கும் தென்னை, தண்ணீர்த் தொட்டி, கோபுரம் எதுவானாலும் அதை நான்கு கோட்டில் போட்டுவிட்டு, அதற்கு மேல் பிறை எங்கே, எந்தச் சாய்வில் இருக்கிறது என்று குறியுங்கள். தேதி, மணி, ஊர். பிறகுதான் வட்டத்துக்குள் கை வைக்க வேண்டும்.

என் பேத்தி அந்த முதல் மாலையே கேட்ட கேள்வி: “பிறை ஏன் தாத்தா படுத்திருக்கிறது?” பாடப்புத்தகத்தில் அது அடைப்புக்குறி போல நிமிர்ந்து நிற்கிறது. நம் ஊரில் தை முதல் வைகாசி வரை மாலைப் பிறை கிட்டத்தட்டப் படகு போல மல்லாந்து கிடக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில், வடக்கே பத்துப் பதினொரு பாகையில் இருக்கிறோம். சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. நிலவும் அதன் தலைக்கு மேலேயே நிற்கிறது. ஒளி கீழிருந்து படுகிறது. ஐரோப்பாவில் சூரியன் சரிந்து இறங்கும், பிறையும் நிமிர்ந்து நிற்கும். நம் பிள்ளைகள் வரைவது லண்டன் பிறையை. புரட்டாசியில் நம் பிறையும் ஒரு பக்கம் நன்றாகச் சாயும். அதையும் ஒரு மாலை வரைந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதே காரணத்தால், எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதை வைத்து வளர்பிறையா தேய்பிறையா என்று சொல்லும் சூத்திரங்கள் இங்கே பலிக்காது. இரண்டுமே படகுதான். மாலையில் மேற்கே கண்டால் வளர்பிறை. விடியலில் கிழக்கே கண்டால் தேய்பிறை. இது போதும்.

இப்போது பிறையின் வளைவுக்குள் உற்றுப் பாருங்கள். அங்கே வெற்றிடம் இல்லை. நிலவின் இருண்ட உடல் முழுதாக, மங்கிய சாம்பல் நிறத்தில் தெரியும். அதற்குள் நட்சத்திரம் தெரிய வேண்டுமானால் அது நிலவுக்கும் நமக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். நான் எட்டு மதிப்பெண் போட்ட படங்களில் அதுதான் நடந்திருக்கிறது.

அந்தச் சாம்பல் ஒளி நம்முடையது. நமக்கு நிலவு கீற்றாகத் தெரியும் நாளில், நிலவிலிருந்து பார்த்தால் பூமி ஏறக்குறைய முழு வட்டமாக இருக்கும். பூமியில் பட்ட வெயில் அங்கே போய், இருட்டுப் பக்கத்தைத் தொட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. இதை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளக்கி எழுதிவைத்தவர் ஓர் ஓவியர், லியனார்டோ டா வின்சி. நிலவில் கடல் நீர் இருப்பதாக அவர் நினைத்தது தவறு. ஒளி எங்கிருந்து வருகிறது என்பதில் தவறவில்லை. பென்சிலில் இதைக் காட்ட, வட்டத்துக்கு வெளியே வானத்தை 4பியால் அழுத்தி நிரப்புங்கள். உள்ளே எச்.பி.யால் மெல்லப் பூசிப் பஞ்சால் தேயுங்கள். கீற்றை வெறும் தாளாகவே விடுங்கள். வெள்ளை சுண்ணம், வெள்ளை வர்ணம் எதுவும் வேண்டாம். தாளைவிட வெள்ளை எதுவும் இல்லை.

மறுநாள் அதே மணிக்கு அதே இடத்தில் நின்றால், நிலவு கிழக்கே தள்ளி உயரத்தில் இருக்கும். கையை முழுதாக நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. ஒரு நாள் நகர்வு ஒரு முட்டியும் கொஞ்சமும். அதனால்தான் நிலவு நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து உதிக்கிறது. முதல் வாரத்து ஏழு நிலவையும் ஒரே அகலப் பக்கத்தில், ஒரே தென்னைக்கு மேல் வரிசையாகப் போட்டு வாருங்கள். ஒரு வாரத்தில் படிக்கட்டு ஏறி உச்சிக்கு வந்துவிடும்.

பாதி நிலவு: இங்கேதான் உட்கார வேண்டும்

மாதம் முழுவதும் சும்மா இருந்துவிட்டு, சப்தமி, அட்டமி, நவமி ஆகிய மூன்று இரவுகள் மட்டும் வரைந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாள்களில் பொழுது சாயும்போதே நிலவு உச்சியில் இருக்கும். பாயில் மல்லாந்து படுத்துப் பார்க்கலாம், கழுத்து வலிக்காது.

பார்க்க வேண்டியது ஒளிப் பாதியை அல்ல, இருட்டுப் பாதியையும் அல்ல. இரண்டும் சேரும் விளிம்பை. அந்த விளிம்பில் நின்றால் அங்கே அப்போதுதான் விடிகிறது. வெயில் தரையோடு தரையாகச் சரிந்து விழுகிறது. சின்ன மேட்டுக்கும் நீண்ட நிழல். குழியின் ஒரு சுவர் வெளிச்சத்தில், மறுபாதி மையிருட்டில். விளிம்பிலிருந்து தள்ளிப் போகப் போக நிழல் குறுகி, எல்லாம் தட்டையாகிவிடும். களிமண் பொம்மையின் மேல் பக்கவாட்டில் விளக்கு வைத்தால்தான் மூக்கு தெரியும் என்று வகுப்பில் நான் சொல்லாத ஆண்டு இல்லை. அதே பாடம்தான்.

இந்தப் பாடம் தெரிந்த கண்ணுக்கும் தெரியாத கண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1609 ஜூலையில் தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயர் லண்டனுக்கு அருகே, ஆறு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்து வரைந்தார். தொலைநோக்கியால் பார்த்து வரைந்த நிலாப் படங்களில் இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் அதுவே முதலாவது. ஹாரியட் பெரிய கணித அறிஞர். ஆனால் அவர் படத்தில் இருப்பது, ஒளியும் இருளும் சேரும் இடத்தில் ஒரு கோணல்மாணல் கோடு, அங்கங்கே கொஞ்சம் கிறுக்கல். அவ்வளவுதான். அதே ஆண்டின் கடைசியில் இத்தாலியின் பதுவா நகரில் கலிலியோ அதே விளிம்பைப் பார்த்தார். இருட்டுப் பகுதிக்குள் தனித்தனியே ஒளிப்புள்ளிகள் தோன்றுவதையும், அவை நேரம் செல்லச் செல்லப் பெரிதாகி விளிம்போடு சேர்வதையும் கண்டார். விடியலில் மலையுச்சிதான் முதலில் வெயில் வாங்கும், பள்ளத்தாக்கு பிறகுதான். ஆகவே அவை மலைகள். கலிலியோ ஓவியப் பயிற்சி உள்ளவர். நிழலைப் பார்த்து மேடு பள்ளம் சொல்லத் தெரிந்தவர். பழுப்பு நிறக் கரைசலில் தூரிகையால் அவர் வரைந்த நிலாக்கள் இன்றும் இருக்கின்றன. 1610 மார்ச்சில் வெனிஸில் அவருடைய நூல் படங்களோடு வெளிவந்தது. அதன் பிறகு, 1610 ஜூலையில் ஹாரியட் வரைந்த நிலாவில் குழிகள் வந்துவிட்டன! கருவியும் கொஞ்சம் மேம்பட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு இப்போது என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

கலிலியோவின் நண்பர் சிகோலி என்ற ஓவியர் இன்னும் ஒரு படி மேலே போனார். ரோமில் சாண்டா மரியா மஜ்ஜோரே தேவாலயத்தில் மாதாவின் காலடியில் நிலவை வரைய வேண்டியிருந்தது. அதுவரை பளிங்கு போல மாசற்ற நிலவைத்தான் அங்கே வைப்பார்கள். இவர் குழி விழுந்த, விளிம்பு அரித்த நிலவை வரைந்துவிட்டார். 1612இல் முடித்த சுவரோவியம் அது.

சரி, நம் வட்டத்துக்கு வருவோம். விளிம்புக் கோட்டைத்தான் முதலில் போட வேண்டும், அது நிற்காது. நிலவின் நடுக்கோட்டில் அந்த விடியல் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது, மிதமான சைக்கிள் வேகம். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், தொடங்கும்போது இருட்டில் இருந்த ஒரு புள்ளி முடிக்கும்போது வளையமாகியிருக்கும். ஸ்கேல் வைத்ததுபோல நேர்கோடு போட்டுவிடாதீர்கள்; எங்கே பல் விழுந்திருக்கிறது, எங்கே உள்ளே குடைந்திருக்கிறது என்று பாருங்கள். பைனாகுலர் இருந்தால் அட்டமி, நவமியில் விளிம்பை ஒட்டி ஒரு வளைந்த மலைத்தொடர் வெள்ளி நூல் போலத் தெரியும். அபென்னைன் மலைகள் என்று பெயர். நவமி, தசமியில் கோபர்னிகஸ் குழி வெளிச்சத்துக்கு வரும். குறுக்களவு 93 கிலோமீட்டர். மன்னார்குடியும் திருச்சியும் ஒரே குழிக்குள் அடங்கிவிடும். குழிகளை வட்டமாக வரையாதீர்கள். ஒரு கருப்பு நிலாக்கீற்று, அதற்கு எதிரே ஒரு வெள்ளைக் கீற்று. அவ்வளவு போட்டால் பார்ப்பவர் கண் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். வெள்ளைக் கீற்றுக்குத்தான் அந்த ஆப்பு ரப்பர்.

அட்டமிக்கு இன்னொரு பயன் உண்டு. பிற்பகல் நான்கு மணிக்கே நிலவு கிழக்கே நன்றாக ஏறியிருக்கும். அப்போது மாடியின் சுண்ணாம்பு அடித்த கைப்பிடிச் சுவரில் வெயில் படும் இடத்தையும் நிலவையும் ஒரே பார்வையில் வைத்து ஒப்பிடுங்கள். சுவர்தான் வெள்ளை. நிலவு அதன் பக்கத்தில் வெளிறிய நீர்மோர். அதன் மண் தன் மேல் படும் ஒளியில் எட்டில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலை மாதிரி. பால்நிலா, வெள்ளித்தட்டு என்பதெல்லாம் சுற்றிலும் உள்ள இருட்டு தந்த பட்டம். எந்த நிறமும் பக்கத்து நிறத்தைப் பொறுத்தது என்று வகுப்பில் விளக்க நான் பட்ட பாட்டுக்கு, அன்றைக்கே பிள்ளைகளை நான்கு மணிக்கு வெளியே கூட்டிப்போயிருக்கலாம்.

பௌர்ணமி: வரைய மோசமான இரவு

எல்லோரும் பௌர்ணமியில்தான் தொடங்குவார்கள். அன்று வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக நிலவில் விழுகிறது, நிழலே இல்லை. பாதி நிலவைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஒளி, ஆனால் மலையும் குழியும் கரைந்து போய்விடும். கண் கூசினால் மாடி விளக்கைப் போட்டுக்கொண்டு பாருங்கள், குறையும்.

அன்று வரைய வேண்டியது கருந்திட்டுகளை. அவற்றை வள்ளுவர் ‘மறு’ என்கிறார். நற்குடியில் பிறந்தவர் செய்யும் குற்றம் “மதிக்கண் மறுப்போல் உயர்ந்து” எல்லோருக்கும் தெரியும் என்பது 957ஆம் குறள். காமத்துப்பாலில் அதே மறுவைத் திருப்பிப் போட்டு, தேய்ந்த இடம் நிறைந்து ஒளிவிடும் மதிக்கு இருப்பதுபோல இவள் முகத்தில் மறு உண்டா என்று கேட்கிறார் (1117). அந்த மறு உண்மையில் உறைந்த எரிமலைக் குழம்பு. பெரும்பாலானவை 300 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. அவை கடல் என்று நம்பிய காலத்தில் வைத்த பெயர்கள் நிலைத்துவிட்டன. 1651இல் ரிச்சொலி என்ற இத்தாலியப் பாதிரியார் வெளியிட்ட வரைபடத்திலிருந்து அமைதிக் கடல், மழைக் கடல், புயல்களின் பெருங்கடல் என்ற பெயர்கள் வழங்கி வருகின்றன. 1969 ஜூலை 20இல் மனிதர் இறங்கியது அந்த அமைதிக் கடலில். சொட்டுத் தண்ணீர் கிடையாது.

வரையும் வரிசை: முதலில் ஓரமாகத் தனித்து நிற்கும் நீள்வட்டத் திட்டு ஒன்றைப் பிடியுங்கள், அது நெருக்கடிக் கடல். மூன்றாம் பிறை, நாலாம் பிறையில் முதலில் வெளிச்சத்துக்கு வரும் பெரிய திட்டும் அதுதான். அதை நங்கூரமாக வைத்துக்கொண்டு மற்றவற்றின் தூரத்தை அளந்து போடுங்கள். முயலின் தலை அமைதிக் கடல். காதுகள் அதிலிருந்து கிளைக்கும் இரண்டு சிறிய கடல்கள். உடம்பு மீதி எல்லாம். என் அம்மா அதில் பாட்டி வடை சுடுவதைக் காட்டினாள். எனக்கு எத்தனை முயன்றும் பாட்டியின் அடுப்பு அகப்படவில்லை, முயல்தான் வருகிறது.

ஒரே பௌர்ணமி இரவில் மூன்று வட்டம் போடுங்கள்: உதிக்கும்போது, நள்ளிரவில், விடியலில். உதிக்கும்போது முயல் தலை மேலே இருக்கும்; மறையும்போது தலைகீழாகக் கிணற்றில் குதிப்பதுபோல இருக்கும். முயல் அசையவில்லை. முன்னிரவில் கிழக்கே பார்த்து நின்ற நாம், பின்னிரவில் மேற்கே திரும்பி நிற்கிறோம். இதை வரைந்து பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. அறுபது வயது வரை தெரியாது.

உதிக்கும் நிலவு தாம்பாளம் அளவு பெரிதாகத் தெரிந்தால், நீட்டிய கையின் சுண்டுவிரலை அதன் மேல் வையுங்கள். விரல் நகத்தில் பாதிதான் நிலவு. நள்ளிரவில் மறுபடி வையுங்கள், அதே பாதி. சொல்லப்போனால் உச்சிக்கு வரும்போது நாம் பூமியின் ஆரம் அளவுக்கு அதற்குக் கிட்டே இருக்கிறோம், அதனால் நூலிழை பெரிதாகக்கூட இருக்கும். உதயத்தில் தெரியும் பெரிய நிலவு கண்ணின் வேலை அல்ல, மனத்தின் வேலை. வரையும்போது ஊறுகாய் மூடியை மாற்றாதீர்கள்.

மறு தவிர இன்னொன்று: தெற்குப் பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளியிலிருந்து பூசணிக்காய் உடைத்தாற்போல நாலாபக்கமும் வெண்கோடுகள் தெறித்திருக்கும். டைகோ குழி, 85 கிலோமீட்டர். ரப்பரின் கூர்முனையால் ஒரே இழுப்பில் இழுத்தால்தான் அது வரும், திருத்தினால் அசிங்கமாகிவிடும்.

கிரகணம் வாய்த்தால் விடாதீர்கள். 2025 செப்டம்பர் 7 இரவு பதினொரு மணியிலிருந்து 82 நிமிடம் முழு நிலவும் பூமியின் நிழலுக்குள் இருந்தது, செம்பு நிறம். பூமியின் காற்று மண்டல ஓரத்தில் வடிகட்டி வளைந்து வந்த வெளிச்சம் அது; அந்த நேரத்தில் பூமியைச் சுற்றி நடக்கும் எல்லா உதயமும் அத்தமனமும் சேர்ந்த நிறம். என்னிடம் செம்மண் நிறப் பென்சில் ஒன்றுதான் இருந்தது, போதுமானதாக இருந்தது. நிழலின் ஓரம் வளைந்திருப்பதைக் கட்டாயம் வரையுங்கள். பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்றுகளில் அதுவும் ஒன்று.

தேய்பிறையும் மேகமும்

பௌர்ணமிக்குப் பிறகு பாதிப் பேர் நோட்டை மூடிவிடுவார்கள். நிலவு ஒன்பது மணி, பத்து மணி, நள்ளிரவு என்று தள்ளிப்போகும். மாலையில் காத்திருப்பதை விட்டு, நாலரை மணிக்கு எழுந்திருங்கள். இப்போது விளிம்பில் நடப்பது விடியல் அல்ல, அத்தமனம். அதே மலைகளின் நிழல் எதிர்ப்பக்கம் சாயும். வளர்பிறையில் வரைந்த கோபர்னிகஸுக்குப் பக்கத்தில் தேய்பிறைக் கோபர்னிகஸை வைத்தால், கருப்புக் கீற்றும் வெள்ளைக் கீற்றும் இடம் மாறியிருக்கும்.

மேகம் மூடிய இரவில் வட்டத்தை நிரப்பிவிடாதீர்கள். நேற்றைய படத்தைப் பார்த்து இன்றையதை ஊகித்துப் போட்டால் பழைய எட்டு மதிப்பெண் படம்தான் வரும். ‘மேகம்’ என்று எழுதி விடுங்கள். மெல்லிய மேகத்தில் நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருந்தால் அளந்து பாருங்கள்: கையை நீட்டிச் சாண் விரித்து, கட்டைவிரலை நிலவில் வைத்தால் சுண்டுவிரல் கிட்டத்தட்ட வளையத்தைத் தொடும். 22 பாகை. உயரத்து மேகத்தில் உள்ள அறுகோணப் பனிப்படிகங்கள் ஒளியை அந்தக் கோணத்தில்தான் மடக்குகின்றன. நிலவை ஒட்டியே சின்னதாக நிறம் கலந்த வட்டம் தெரிந்தால் அது வேறு, நீர்த்துளிகளின் வேலை. ‘அகல வட்டம் பகல் மழை’ என்பார்கள். என் நோட்டில் நான்கு அகல வட்டங்கள் இருக்கின்றன, ஒன்றுக்குத்தான் மழை வந்தது.

அற்றையும் இற்றையும்

முப்பதும் முடிந்ததும் அந்த நோட்டை மூடிவைத்துவிட்டு, சில மாதங்கள் கழித்து வலப்பக்கங்களைத் தொடங்குங்கள். அதே திதி, அதே மூடி. இரண்டு பௌர்ணமிகளையும் அடுத்தடுத்து வைத்து, நெருக்கடிக் கடலுக்கும் நிலவின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஒன்றில் அகலமாக இருக்கும், மற்றொன்றில் ஓரத்தை ஒட்டியிருக்கும். உங்கள் கை பிசகியதாக நினைத்து அழிக்காதீர்கள். நிலவு ஒரே முகத்தைக் காட்டுகிறது என்பது முழு உண்மை அல்ல. அது மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது. தன்னைத் தானே சுற்றுவது சீரான வேகத்தில், பூமியைச் சுற்றுவது ஏற்ற இறக்கமான வேகத்தில். அந்த ஒத்துப்போகாமையால் ஒரு நேரம் இந்த ஓரமும் ஒரு நேரம் அந்த ஓரமும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். இப்படி எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்தே நிலவின் பரப்பில் 59 விழுக்காட்டை நாம் இங்கிருந்தபடி பார்த்துவிடுகிறோம்.

பக்கத் தலைப்புகள் புறநானூற்றின் 112ஆம் பாட்டிலிருந்து வந்தவை. பறம்பு மலை வீழ்ந்து, பாரி இறந்த பிறகு அவன் மகளிர் பாடியது. ஐந்தே அடி. “அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்” எங்கள் தந்தை இருந்தார், எங்கள் குன்றும் எங்களுடையது. “இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்” குன்றைக் கொண்டுவிட்டார்கள், தந்தையும் இல்லை. திங்கள் என்றால் நிலவு, திங்கள் என்றால் மாதம். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்தப் பாட்டில் எது மாறியது, எது மாறவில்லை என்பதற்கு அளவுகோலாக நிற்பது நிலவுதான். இரண்டு படங்களை எதிரெதிரே வைக்க இதைவிடப் பொருத்தமான தலைப்பு எனக்குத் தெரியவில்லை. நோட்டுக்கு அந்தப் பெயர்களை வைத்தபோது அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை.

என் வலப்பக்கங்கள் ஓராண்டு காலியாகவே கிடந்தன. மறுபடி வரைந்தபோது இடைவெளி நான் சொன்னபடியே மாறியிருந்தது. பௌர்ணமிப் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை. இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. அற்றைப் பக்கங்களில் தேதியும் மணியும் நேராக எழுதியிருக்கின்றன. இற்றைப் பக்கங்களில் எழுத்து வரியை விட்டு இறங்கிக்கொண்டே போகிறது. டார்ச்சை நானே வாயில் கவ்விக்கொண்டு எழுதினேன். தனியாக வரைகிறவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம், பல் கூசும். டார்ச்சில் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டால், வெளிச்சம் அட்டையின் மேல் சரியாக விழுகிறது.